சடையனின் தட்டு

தோட்டத்து நாய் சடையன் செத்துப்போன பிறகும், வீட்டுக்காரம்மா பழக்கத்தில் அந்தியானால் அதன் தட்டில் சோற்றைப் போட்டுவிடுவாள். பிறகு நினைவு வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பக்கத்தில் கட்டிக் கிடந்த வெள்ளாடுதான் அதைத் தின்னும். சோற்றிலிருந்த மீன்குழம்பு வாடை ஆட்டுக்குக் குமட்டும். ஆனாலும் அந்தத் தட்டுச் சத்தம் கேட்கிறவரை நரி வேலியைத் தாண்டாது.

ஒருநாள் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். இருட்டத் தொடங்கியதும் ஆடு வெறும் தட்டைக் குளம்பால் லொட லொடவென்று உருட்டியது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நரி கேட்டது: “என்ன சடையண்ணே, சாப்பாடு ஆச்சா? கொஞ்ச நாளாக் குரலையே காணோமே?”

ஆடு வாயைத் திறக்கப் பயந்து, இன்னும் வேகமாக உருட்டியது.

“ஒரு தடவை குரைச்சுத்தான் காட்டுங்களேன்” என்றது நரி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.