மூன்று டிகிரி

"நாப்பத்தேழு" என்றார் டாக்டர் சத்தியமூர்த்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாகவல்லி எட்டித் திரையைப் பார்த்தாள். ஐம்பது வேண்டும். ஐம்பது டிகிரிக்குக் குறைந்த வளைவுக்கு இந்த ஆய்வில் ஆபரேஷன் கிடையாது என்று நர்ஸ் சிவரஞ்சனி காலையிலிருந்து நாலு முறை சொல்லிவிட்டாள்.

மூன்று டிகிரி. மூன்றே மூன்று.

போன மாசியில் எடுத்த படத்தில் ஐம்பத்தொன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் இவர்களே கூப்பிட்டார்கள். முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்குப் புதுமுறையில் கம்பி வைத்து நிமிர்த்திப் பார்க்கிற ஆய்வு. செலவெல்லாம் அவர்களுடையது. பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. மகள் துர்காதேவிக்கு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. காரைக்குடியில் ஆள் சேர்ப்பதும் இன்றோடு சரி.

பத்துப் படி ஏறினால் பிள்ளைக்கு மூச்சு இரைக்கிறது. இன்னும் வளைந்தால் நுரையீரலை நெருக்கும் என்று மதுரையில் சொன்ன நாளிலிருந்து நாகவல்லி சோற்றைப் பிசைகிறாளே தவிர, தின்பதில்லை.

"வளைவு தானா குறையாதும்மா. படம் எடுக்கறப்ப பொண்ணு ஒடம்ப இழுத்துப் புடிச்சு நிக்குது. எப்பவும் நிக்கிற மாதிரி நிக்கணும்" என்றார் டாக்டர்.

"இன்னொருக்கா எடுக்க மாட்டீகளா, ஐயா?"

கேட்டதோடு நிற்கவில்லை, காலில் விழப்போனாள். அவர் பதறி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எக்ஸ்ரே கதிர் அடிக்கடி உடம்பில் படக்கூடாது, இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்றார்.

நடைவழிக்கு வந்ததும் மகளின் கையை வெடுக்கென்று பிடித்தாள்.

"பாவி மகளே, ஏண்டி அப்படி வெறப்பா நின்ன? ஒனக்கு இன்னைக்குத்தானா நிமிரணும்?"

துர்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீதானம்மா இருமுன."

நாகவல்லி பிடித்த கையை விட்டாள்.

இருமினாள்தான். எக்ஸ்ரே அறைக்குள் ஓர் ஆண்குரல் "அசையாம நில்லும்மா" என்றது. கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தவளுக்குத் தொண்டை தானாகச் செருமிக்கொண்டது. ஐந்து வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

கல்யாண வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவள் அவள். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில், காய் நறுக்கக் கூட வந்த பிள்ளையைப் பார்த்து, ஒன் மக ஏன் கோணலா நிக்கிறா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு கேள்வி போதாதா? மறுநாளே தாயும் மகளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வெளியாள் வந்தால் அம்மா லேசாக இருமுவாள். மகள் வலது தோளை இறக்கி, இடுப்பை உள்ளே தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்து நேராக நிற்பாள். வீட்டுக்குள் வந்ததும் தளர்ந்துகொள்ளலாம்.

நாளைக்கு நாலு பேர் பெண் கேட்டு வர வேண்டாமா?

பிள்ளையும் கெட்டிக்காரி. ஓர் இருமலுக்கு ஒரு முகூர்த்தம் முடிகிற வரை நிற்பாள். சொந்த அத்தைக்கே தெரியாது. அதை நினைத்து நாகவல்லி பெருமைகூடப் பட்டிருக்கிறாள். பெருமையாம் பெருமை! இப்போது தலையிலடித்துக்கொள்ளக் கை வந்தது.

"உள்ள போத்தா. நான் இருமவே மாட்டேன். ஒன் முதுகு எப்படி இருக்கோ அப்படியே நில்லு, என் தங்கம்."

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அதே ஆண்குரல். இவளுக்குத் தொண்டையில் எறும்பு ஊர்ந்தது. எச்சிலை விழுங்கியும் ஊறல் நிற்கவில்லை. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு பல்லால் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, மூச்சு அடைத்தது.

கொப்புடையம்மா, என் பிள்ளை முதுகு கோணலாக இருக்க வேண்டும். தாயே, நன்றாகக் கோணலாக இருக்க வேண்டும்.

பெற்றவள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது? வேண்டிக்கொண்டாள்.

சிவரஞ்சனி படிவத்தோடு ஓடிவந்தாள். "அம்பத்தஞ்சும்மா! சார் கையெழுத்துப் போட்டுட்டாரு."

நாகவல்லி துணியை வாயிலிருந்து உருவிக்கொண்டு சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். அப்புறம்தான் உறைத்தது. மாசியில் ஐம்பத்தொன்று, இப்போது ஐம்பத்தைந்து. சிரித்த வாயாலேயே அழுதாள்.

சிவரஞ்சனி அவள் தோளைத் தட்டிவிட்டு டாக்டர் அறைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். நடைவழியில் வேறு ஆளில்லை.

துர்கா உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். குனிந்து செருப்பைத் தேடினாள். அம்மா தூணுக்கு அந்தப்புறம் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

பிள்ளையின் வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. உடம்பு முழுக்க இடப்பக்கம் சரிந்து கிடந்தது. இவ்வளவா? வீட்டில் ஒருநாளும் இவ்வளவு சாய்ந்து இவள் பார்த்ததில்லையே!

நாகவல்லி எழுந்து இரண்டடி வைத்தாள்.

துர்கா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா.

நாகவல்லி இருமவில்லை. முந்தானை இன்னும் கையில்தான் இருந்தது.

மகளின் தோள் இறங்கியது. இடுப்பு உள்ளே போனது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, நேராக அம்மாவிடம் வந்தாள்.