ஆணிச் சட்டை

கரும்பு வெட்டப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். குப்பாயி போட்டுக்கொள்வது சின்னானின் சட்டையை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் நுரையீரல் கெட்டுச் செத்த புருசன் அவளுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

இழப்பீட்டு வழக்குக்கு அந்தச் சட்டையைக் கேட்டார் வக்கீல் கயல்விழி. "தையல்ல இருக்கற வெள்ளைத் தூசிதானுங்கம்மா நமக்குச் சாட்சி." அவள் கண்ணெதிரிலேயே உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

மறுநாள் காலை அதே சட்டை வீட்டு ஆணியில் தொங்கியது. குப்பாயி போட்டுக்கொண்டு கரும்புக் காட்டுக்குப் போனாள். சாயங்காலம் வாசலில் நின்று உதறினாள். தூசி பறந்தது. தினமும் பறந்தது.

விசாரணையன்று அரக்கை உடைத்தார்கள். உறைக்குள் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. சட்டைப் பையில் பச்சைக் கரும்புச் சோகை இருந்தது. தூசி துளியும் இல்லை. கம்பெனி வக்கீல் சிரித்தார்.

வெளியே வந்ததும் கயல்விழி கேட்டார். "சீல் வெச்ச சட்டைங்கம்மா இது. எப்படிங்க நனைஞ்சுது?"

"நேத்தும் போட்டுட்டுத்தானுங்க போனேன். வேற சட்டை இல்லீங்க."

கயல்விழி வழக்குக் கட்டைப் புரட்டினார். "வேற ஏதாச்சும் சாட்சி இருக்குதுங்களா?"

குப்பாயி வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. முந்தானையால் பொத்திக்கொண்டு இருமி முடித்தாள். எடுத்துப் பார்த்தபோது முந்தானையில் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது.