முந்நூறுக்கு மூன்று நாள்

"தையல் போட்டாத்தான் போர்டு போகுமாம். பிளாஸ்திரி போட்டா போகாதாம்."

முதலுதவி அறையின் ஜன்னலுக்கு வெளியே எவளோ சொல்லிக்கொண்டு போனது நர்ஸின் காதில் விழுந்தது.

அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை அது. வாசலில் பெரிய போர்டு: 'விபத்தில்லா நாட்கள் - 297'. முந்நூறைத் தொட்டால் எல்லோருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு. முதலுதவியோடு முடிகிற காயம் கணக்கில் வராது. சிகிச்சை என்று எழுதிவிட்டால் போர்டு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

நர்ஸ் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எதிரே, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிங் பிரிவு அக்கா.

"சின்னக் கீறல்தான் சிஸ்டர். ஒட்டி விட்டுடுங்க."

"விரலை மடக்குங்கக்கா."

மடக்கியதும் மூட்டின் மேலிருந்த வெட்டு வாய் பிளந்தது.

"ஒட்டினா நிக்காதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போடணும்."

"ஐயையோ, என்னாலயா போர்டு போகணும்? எங்க மாமியாரும் இங்கதான் பேக்கிங்ல இருக்கு. வீட்டுல திட்டறது பத்தாதா?"

சூப்பர்வைசர் வந்தார். ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி கதவில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்மா, முதலுதவின்னு எழுதி ஒட்டி விடு. மூணு நாள் கழிச்சுத் தையல் போட்டுக்கலாம்."

"காயம் மூணு நாள் காத்திருக்காது சார்."

"முன்ன இருந்த நர்ஸம்மா இப்படி ராங்கி பண்ணினதே இல்ல. எல்லாத்தையும் பிளாஸ்திரியிலயே முடிச்சாங்க. இருநூத்தித் தொண்ணூத்தேழு நாள் சும்மாவா வந்துச்சு?"

நர்ஸ் படிவத்தில் 'மருத்துவச் சிகிச்சை' என்று எழுதினாள். வண்டிக்குச் சொல்லி, அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

மதியம் கேன்டீனில் அவள் தட்டோடு போய் உட்கார்ந்ததும், அந்த மேஜையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"வந்ததும் வராததுமா நம்ம லீவுல மண்ணள்ளிப் போட்டுட்டா மகராசி!" அதே ஜன்னல் குரல்.

மறுநாள் காலை, வாசல் போர்டில் பூஜ்யம்.

முதலுதவி அறைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சூப்பர்வைசர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் நர்ஸ். சாவியைத் திருப்பினாள்.

கதவு திறந்ததும் அந்த ஜன்னல் குரல்காரிதான் முதலில் பேசினாள். முழங்கைவரை இழுத்து விட்டிருந்த சட்டைக் கையை மேலே சுருட்டினாள். உள்ளே சூடான பசை பட்ட கொப்புளம், உடைந்து நீர் கசிந்தது.

"போர்டுதான் போயிடுச்சே சிஸ்டர். இனிமே எங்களையும் பாக்கலாமில்ல?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் செருப்பைக் கழற்றினான். இன்னொருத்தி மணிக்கட்டிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள்.

சூப்பர்வைசர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். பாக்கெட்டிலேயே இருந்த கையை மெல்ல வெளியே எடுத்து, வீங்கிய விரலிலிருந்து பழைய பிளாஸ்திரியைத் தானே உரித்தார்.