தொண்ணூற்றெட்டுக்குக் கீழே

பொண்டாட்டி அனுசியா காய்ச்சலோடு தேனி ஆஸ்பத்திரியில் கிடக்க, போடியில் பாண்டியராஜ் கம்ப்யூட்டர் பிராசசருக்குப் புது மாடல் கூலர் மாட்டிச் சோதிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி நான் எட்டிப் பார்க்காமல் இருப்பேனா?

“கூறுகெட்டவனே, அங்க போகாம இங்கென்ன சோலி?”

“அவ காய்ச்சலும் இதோட சூடும் ஒண்ணா இருக்குக்கா. மூணு நாளா அங்க நூத்திநாலு, இங்கயும் நூத்திநாலு.”

“பெரிய டாக்டருதான் போ!”

கூலர் சுற்றியது. திரையில் நூற்றிரண்டு, நூறு, தொண்ணூற்றெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மச்சினி போன் செய்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம். இருவரும் சிரித்தோம்.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று.

மறுபடியும் போன். “மச்சான், அக்காவுக்குக் கைகாலெல்லாம் சில்லுன்னு ஆகுது.”

“வெரசா சுவிட்சை அமத்து தம்பி!”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். “அமத்தினா கம்ப்யூட்டரே நின்னுரும். கூடவே அவளும் நின்னுட்டா என்னக்கா செய்வேன்?”

மலைக்குப் போர்த்திப்போகும் என் கம்பளியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போர்த்தி, இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.