டாலனேகா தங்கக்காசு

அரங்கசாமிக்கு நாணயப் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். அமெரிக்காவின் தென்பகுதியில் டாலனேகா என்ற மலையூரில் நூற்றெழுபது வருஷத்துக்கு முன் அச்சடித்த ஒரு தங்கக்காசுக்காகத் தென்னந்தோப்பையே விற்ற மனுஷர். அந்த அச்சுக்கூடம் எப்போதோ மூடிவிட்டதாம். காசின்மேல் படிந்த மங்கலுக்குத்தான் மதிப்பாம், தேய்த்தால் எவனும் வாங்கமாட்டானாம். நாம் கேட்டோமா? ஆனாலும் எல்லோரிடமும் சொன்னார். மனைவி குமுதவல்லியிடம் மட்டும் சொல்லவில்லை.

வரலட்சுமி நோன்பன்று அவள் அதைப் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கலசத்தின் முன் வைத்தாள். காசிலிருந்த பெண்முகம் பளபளத்தது.

"பாருங்க, நம்ம மகாலட்சுமியாட்டமே சிரிக்கிறா," என்று வந்திருந்த பெண்களிடம் பெருமையாகக் காட்டினாள்.

"உன்னை எவ தொடச் சொன்னா, மூளகெட்டவளே?" என்றார் அரங்கசாமி, அத்தனை பேர் முன்னால். தாம்பூலம் வாங்க வந்தவர்கள் அதையும் சேர்த்து வாங்கிப்போய், பொழுது சாய்வதற்குள் தெருக்கோடிவரை விநியோகித்துவிட்டார்கள்.

காசின் மதிப்பு போன துக்கம் அவருக்கு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் குமுதவல்லி அவருடைய காப்பி டம்ளரை எடுக்கும் முன்பும், "தொடலாமுங்களா?" என்றாள். வேட்டியைத் துவைக்க எடுக்கும்போதும் அதே கேள்வி. குத்தலாகக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார். அவள் நிஜமாகவே அனுமதி கேட்டாள்.

"போதும் புள்ளே, விட்டுரு," என்று கெஞ்சியும் பார்த்தார்.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கண் திறந்தபோது, அவள் கை நெற்றிக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. அரங்கசாமி தலையணையிலிருந்து தலையை மெல்ல உயர்த்தினார்.