மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு

வீட்டுக்காரர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் நின்றுவிட்டது. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மொட்டைமாடியில் அவளும் கணவனும் வெள்ளைப் பூச்சு அடித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கேட்காமல் செய்யவில்லை. போன கோடையிலிருந்து கணவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். தகரக் கொட்டகை போடலாமா என்றால் பாரம் தாங்காது என்றார், பூச்சாவது அடிக்கலாமா என்றால் பார்க்கலாம் என்றார். அதற்குள் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தைக்கக் கொடுத்த யூனிஃபார்ம் துணியில் இவள் வியர்வை சொட்டிக் கறை விழுந்தது.

மாநகராட்சி வெயில் தணிக்கும் பூச்சை இலவசமாகக் கொடுத்ததும் இருவருக்கும் பொறுக்கவில்லை. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த சமயம், பஸ் டிரைவரான கணவன் லீவு போட்டு மாடியைத் தேய்த்துக் கழுவினான். இவள் முட்டி தேயப் பூசினாள். அதன் பிறகுதான் மகள் மதியத்தில் அசந்து தூங்கினாள். இப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்த வீட்டுக்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே அவர் வீட்டில் ஜன்னலைத் திறக்கவே முடியாது. பக்கத்துக் கட்டடத்து ஏசிகள் அத்தனையும் அனலை அங்கேதான் கக்கும். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரை உள்ளங்கையால் தடவினார்.

"தப்புதான் சார். அவரை வந்து பேசச் சொல்றேன்" என்றாள்.

"என்னம்மா தப்பு? நான் செஞ்சிருக்க வேண்டிய வேலை."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தண்ணீர் கொடுத்தாள். அவர் நிதானமாகக் குடித்தார். பிரசவத்துக்கு வந்திருக்கும் தன் மகளுக்கு இது எட்டாவது மாசம், கீழே இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள், அனல் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொன்னார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "பகல்ல இங்க வந்து படுத்துக்கட்டும் சார். நம்ம வீடு மாதிரி."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். தூங்கும் குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் நாங்க மேல வந்துடறோம்மா. நீங்க கீழ இருந்துக்கங்க."