ஆலனின் மனைவி

ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஷண்முகப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை மாதிரி மேசைமேல் கிடந்தது. பெண் வீட்டார் வரியில், அப்பா பெயருக்கு முன்னால், பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அச்சகம் வைத்திருக்கும் நூருல்லா பாய் போட்டது.

வெள்ளியங்கிரியா, லேட் வெள்ளியங்கிரியா?

எட்டு வருடங்களுக்கு முன் அப்பா கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார். சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னார். வரவில்லை.

காலையில் பாலன் மாமா வந்திருந்தார். காபி குடித்தார். பத்திரிகையைப் பார்த்தார்.

"லேட்டுன்னே போட்டுரலாம்க்கா. இன்னும் எத்தன நாளைக்கு?"

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் ப்ரியா கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஸ்காட்லாந்தின் பழைய ஆவணங்களில் வரும் மனிதர்களைத் தொகுக்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஓர் ஆளுக்கு ஒரு படிவம். நிலம், மனைவி, மக்கள், இறப்பு. தெரிந்ததை நிரப்ப வேண்டும். தெரியாததைக் காலியாக விட வேண்டும். ஊகிக்கக் கூடாது.

மூன்று வாரமாக ஆலன். டன்ஹாரோ என்ற ஊரில் எழுநூறு வருடங்களுக்கு முன் நிலம் வைத்திருந்தவர்.

1289இல் யாரோ யாருக்கோ எழுதிக்கொடுத்த பத்திரத்தில் ஏழாவது சாட்சி.

1296இல் ராஜாவுக்குக் கட்டுப்படுவதாக முத்திரை வைத்தவர்களில் ஒருவர்.

1303இல் மடத்துக்குச் சொந்தமான ஆற்றில் மீன் பிடித்ததாகத் துறவிகள் கொடுத்த புகார்.

அதற்குப் பிறகு அவரைக் காணோம்.

அம்மாவுக்கு ஆலனைப் பிடித்துப்போயிருந்தது. சோறு போடும்போதெல்லாம் விசாரிப்பாள்.

"மீனுக்கொரு கேஸா? எத்தன மீனாம்?"

"அது எழுதலம்மா."

"அதத்தான மொதல்ல எழுதோணும்."

இன்று 1311ஆம் வருடத்து ஆவணம் ஒன்று கிடைத்தது. மூலம் லத்தீன். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. அம்மா பீன்ஸ் முறத்தோடு பின்னால் வந்து நின்றாள். எட்டாவது வரை படித்தவள். திரையில் இருந்தது அவளுக்குப் புரியாது.

"உன்ற ஆளு கெடச்சானா?"

"அவரு இல்ல. அவரு சம்சாரம். கிறிஸ்டியானான்னு பேரு. மீன் கேஸ் நடந்து எட்டு வருசம் கழிச்சு, பாதி மேய்ச்சல் நெலத்த மடத்துக்கு எழுதிக் குடுக்கறாங்க."

"தனியாவா?"

"ம்."

பீன்ஸ் நார் உரிக்கும் சத்தம் நின்றது.

"அப்ப அவன் போய்ச் சேந்துட்டானா?"

ப்ரியா திரையைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாள்.

"இல்லம்மா. ஆலனோட மனைவின்னுதான் எழுதியிருக்கு. விதவைன்னு இல்ல. அந்தக் காலத்துல அதெல்லாம் சரியா எழுதுவாங்க."

"எட்டு வருசம் கழிச்சுமா?"

"எட்டு வருசம் கழிச்சும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப பேர மட்டும் போடச் சொல்லிடறேன் கண்ணு."

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும்.

ப்ரியா திரையில் இருந்ததை இன்னொரு முறை படித்தாள். காலஞ்சென்ற ஆலனின் மனைவி கிறிஸ்டியானா. கணவரின் ஆன்மாவுக்காக.

இறப்பு என்ற கட்டத்தில் 1311க்கு முன் என்று அடித்தாள்.

அப்பா திரும்பி வருவார் என்று நினைப்பதை அவள் நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா இன்றைக்கும் குளித்ததும் வகிட்டில் குங்குமம் வைக்கிறாள்.

தகரக் கூரையில் தூறல் விழுந்தது. காலையில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்து ப்ரியா பின்பக்கம் ஓடினாள்.

அம்மா தொட்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். நூருல்லா பாயிடம் பேசி முடித்திருந்தாள். இப்போது மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாடா பாலா? ஆறு வருசத்துக்கு முன்னால நீயும் நானுந்தான போனோம். அவர அடையாளம் சொல்லி, எரிச்சுட்டு வந்தோம்."

ப்ரியாவின் கை கொடிக்கயிற்றில் நின்றது.

"புள்ள இன்னும் நம்பிட்டிருக்கறாடா. இன்னைக்குக் கூட ஒரு வெள்ளக்காரன் கதைய எடுத்துட்டு வந்து, எட்டு வருசம் கழிச்சும் உசுரோட இருக்கறான்ங்கறா. எப்பிடிச் சொல்றது? கல்யாணம் முடியட்டும். நானே சொல்லிக்கறேன்."

தூறல் மழையானது.

ப்ரியா கயிற்றை விட்டாள். துணி எதையும் எடுக்கவில்லை. சத்தமில்லாமல் உள்ளே வந்தாள். முந்தானையால் தலையையும் முகத்தையும் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மா வாசற்படியில் காலைத் துடைக்கும் சத்தம் கேட்டது. ப்ரியா திரும்பவில்லை.

"பாய்கிட்டச் சொல்லியாச்சாம்மா?"

"ஆச்சு கண்ணு. பேரு மட்டுந்தான்."

"அது போதும்மா."

அம்மா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"துணியெல்லாம் நனையுது. எடுக்கலியா நீயி?"

"மழை வந்ததே தெரியலம்மா."